வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் தன் மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி?

பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த தகப்பனாரையோ மறதி நோய் முற்றிவிட்ட தாயாரையோ வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில், மருத்துவர் எழுதிய சீட்டு, மாத்திரைப் பெட்டி, சர்க்கரை அளவு குறிக்கும் நோட்டு எல்லாமே நோயாளிக்கு உரியவையாகத்தான் இருக்கும். அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, டயப்பர் மாற்றி, கஞ்சி ஊட்டி, இரவில் பலமுறை எழுந்து பார்க்கும் மகளுக்கோ மருமகளுக்கோ மனைவிக்கோ என்ன ஆகிறது என்பதை யாரும் குறித்து வைப்பதில்லை. கேட்டாலும், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்படுகிறது. மகன்களும் கணவன்மார்களும் இந்தப் பொறுப்பைச் சுமக்கும் வீடுகளும் உண்டு. இங்கே சொல்லப்படுபவை அவர்களுக்கும் பொருந்தும்.

1999-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 66 முதல் 96 வயது வரையிலானவர்களை ஏறத்தாழ 4 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. நோயுற்ற வாழ்க்கைத் துணையைப் பராமரித்து, அதனால் மனத்திலும் உடலிலும் நெருக்கடியை உணர்ந்தவர்கள் அந்தக் காலத்தில் இறப்பதற்கான வாய்ப்பு, அத்தகைய பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆனால் பராமரிப்பு வேலையைச் செய்தும் நெருக்கடியை உணராதவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை. இந்த இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெற்றவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்து விலக முடியாதவர்களாலும், விலக விரும்பாதவர்களாலும்கூட, அந்த நெருக்கடியைக் குறைத்துக்கொள்ள முடியும். அதை எப்படிக் குறைப்பது என்பதே இங்கே பேசப்படும் பொருள்.

உடல் என்ன செய்கிறது

ஆபத்து எதிர்ப்படும்போது போரிடவோ தப்பி ஓடவோ உடல் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ஆம் ஆண்டில் விளக்கினார். அட்ரினலின் என்ற ஹார்மோன் சில நொடிகளில் சுரந்து இதயத் துடிப்பையும் மூச்சையும் விரைவுபடுத்துகிறது. சில நிமிடங்கள் கழித்து கார்ட்டிசால் என்ற மற்றொரு ஹார்மோன் உயர்ந்து, உடல் தொடர்ந்து இயங்குவதற்கான சர்க்கரையை இரத்தத்தில் கிடைக்கச் செய்கிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். வீட்டுப் பராமரிப்பில் ஆபத்து நீங்குவதே இல்லை என்பதுதான் சிக்கல். பக்கத்து அறையில் ஓர் இருமல் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. திரும்பி வந்து படுத்தால் உறக்கம் வருவதில்லை. இதுவே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது.

மான்ட்ரியாலில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே 1936-இல் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வுகளிலிருந்து, நீடித்த அழுத்தத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதலில் அதிர்ச்சி, அடுத்து எதிர்த்து நிற்றல், இறுதியில் தளர்ந்துபோதல். பராமரிப்பவர் பெரும்பாலான காலத்தை இரண்டாவது கட்டத்தில் கழிக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் நன்றாகவே சமாளிப்பதாகத் தெரியும். அவருக்கே அப்படித்தான் தெரியும். ஆனால் உடல் அந்த நேரத்திலும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. 1995-இல் ஒகையோ மாநிலத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும், மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களின் கையிலும், அதே வயதும் வருமானமும் கொண்ட வேறு 13 பெண்களின் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு காயத்தை ஏற்படுத்தி, அது ஆறும் நாள்களைக் கணக்கிட்டார்கள். பராமரிப்பில் இருந்த பெண்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாள்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன.

ஆகவே "நான் தாங்குகிறேனா?" என்று மனத்தைக் கேட்பதைவிட உடலைக் கவனிப்பது நம்பகமான வழி. காலையில் எழும்போதே தாடை வலிக்கிறதா, தோள்கள் காதுவரை தூக்கிக்கொண்டு நிற்கின்றனவா, மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டதா, சிறு சளி வாரக்கணக்கில் நீடிக்கிறதா, நின்றபடியே சாப்பிடுவது வழக்கமாகிவிட்டதா, தன்னுடைய பி.பி. மாத்திரையை விட்டுவிட்டு நோயாளியின் மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுக்கிறோமா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது பல வீடுகளில் நடப்பது. அதை முதலில் திருத்திக்கொள்வது நல்லது. நோயாளியின் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே தன் மாத்திரையையும் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் போதும்.

மாற்றக்கூடியதும் மாற்ற முடியாததும்

உளவியலாளர்கள் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் வகுத்த கருத்துப்படி, எதிரே ஒரு நெருக்கடி வரும்போது மனம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது: இதனால் எனக்கு என்ன கேடு, இதை எதிர்கொள்ள என்னிடம் என்ன இருக்கிறது. நெருக்கடியின் அளவு இந்த இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைகளைப் பொறுத்தது. எதிர்கொள்ளும் வழிகளையும் அவர்கள் இரு வகையாகப் பிரித்தார்கள். சிக்கலையே மாற்ற முயல்வது ஒரு வகை. சிக்கல் நம்முள் எழுப்பும் உணர்ச்சிகளை ஆற்றிக்கொள்வது மற்றொரு வகை. மாற்றக்கூடிய சிக்கலுக்கு முதல் வகையும், மாற்ற முடியாததற்கு இரண்டாம் வகையும் ஏற்றவை.

இது எல்லோருக்கும் தெரிந்ததுபோலத் தோன்றலாம். ஆனால் பராமரிப்பு நடக்கும் வீடுகளில் இது தலைகீழாகவே நடக்கிறது என்பது என் துணிபு. மாற்ற முடியாத ஒன்றோடு நாள் முழுவதும் மல்லுக்கட்டுகிறோம்; மாற்றக்கூடியதை விதி என்று விட்டுவிடுகிறோம்.

மறதி நோயுள்ள ஒரு தாயார், பத்து ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன கணவர் எப்போது வீட்டுக்கு வருவார் என்று மாலைதோறும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் முதலில் பொறுமையாக, "அப்பா இறந்துட்டார்ம்மா, மறந்துட்டியா?" என்கிறார். தாயாருக்கு அது அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கும் சாவுச் செய்தி, அழுகிறார். அரை மணி நேரத்தில் அழுததும் மறந்துபோய், மீண்டும் கேட்கிறார். நான்காவது முறை மகளின் குரல் உயர்கிறது. ஐந்தாவது முறை கத்திவிடுகிறார். பிறகு இரவு முழுவதும் அதை நினைத்து வருந்துகிறார். தாயாரின் நினைவாற்றல் திரும்பப்போவதில்லை, கேள்வியும் நிற்கப்போவதில்லை. அதைத் திருத்த முயல்வதுதான் இங்கே மகளின் வலுவை உறிஞ்சுகிறது. மாற்றக்கூடியது மகளின் விடை. "அப்பா நினைப்பு வந்துடுச்சாம்மா? அவர் உனக்கு என்னவெல்லாம் வாங்கிட்டு வருவார்?" என்று கேள்விக்குப் பின்னால் இருக்கும் ஏக்கத்துக்குப் பதில் சொன்னால், தாயார் பேசத் தொடங்கலாம், மகளும் உண்மையை நிலைநாட்டும் கடமையிலிருந்து விடுபடுவார். பொய் சொல்கிறோமே என்ற தயக்கம் சிலருக்கு எழும். ஒரே சாவைத் தினமும் அறிவிப்பதில் எந்த நன்மையும் இல்லை என்பதே அதற்கு என் பதில்.

மற்றொரு பக்கம், இரவு உறக்கம் கெடுவதை நோயின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடுகள் எத்தனையோ. நோயாளிக்கு நீர் பிரிவதற்கான மாத்திரை மாலையில் கொடுக்கப்படுகிறது என்றால், அவர் இரவெல்லாம் எழுப்பத்தான் செய்வார்; அதைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம், கேட்காமல் மாற்றக்கூடாது. பகலில் நான்கு மணி நேரம் உறங்கும் நோயாளி இரவில் விழித்திருப்பார். மதியத்துக்குப் பிறகு அவரைச் சாய்த்து உட்கார வைத்து, வெளிச்சமும் பேச்சும் உள்ள இடத்தில் வைத்திருந்தால் ஓரளவு மாற்றம் வரலாம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொல்லியிருப்பார்கள். ஏர் பெட் வாங்கினாலும் புரட்டுவதை அறவே நிறுத்த முடியாது. ஆனால் இரவில் அந்த இடைவெளியை எவ்வளவு நீட்டலாம் என்று நோயாளியின் தோலைப் பார்த்துச் செவிலியர் சொல்ல முடியும்.

இதைப் பிரித்தறிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு வாரத்துக்கு, எரிச்சலோ அழுகையோ படபடப்போ வந்த ஒவ்வொரு நேரத்தையும், அதற்குச் சற்று முன் நடந்ததையும் ஒரே வரியில் எழுத வேண்டும். விளக்கமோ நியாயமோ எழுத வேண்டியதில்லை. "மதியம் 2, சாப்பாட்டைத் துப்பினார்", "இரவு 11, அண்ணி போன்" என்ற அளவு போதும். வாரக் கடைசியில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மாற்றலாம், முடியாது என்று குறிக்க வேண்டும். பலருக்கும் வியப்பாக இருக்கப்போவது, மலம் எடுப்பது போன்ற கடினமான வேலைகளைவிட, உறவினர்களின் தொலைபேசிப் பேச்சும், அரைகுறை உறக்கமும், ஒரு மணி நேரம்கூட வெளியே போக முடியாத நிலையும் அந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருவதுதான்.

உதவி கேட்பது

கேட்காமலேயே புரிந்துகொண்டு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம் குடும்பங்களில் ஆழமானது. "கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா, நான் சொல்லணுமா?" என்ற ஆற்றாமையில் ஆண்டுகள் கழிகின்றன. தெரியாது என்று எடுத்துக்கொள்வதே நல்லது. தொலைவில் இருப்பவருக்கு நோயாளியின் நிலை தெரியும்; பார்த்துக்கொள்பவரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது தெரியாது. அந்த ஒரு வார நோட்டையே படம் எடுத்து அனுப்பினால், வாதம் செய்ய வேண்டிய தேவையே பல நேரங்களில் இருக்காது.

கேட்கும்போது பொதுவாகக் கேட்கக்கூடாது. "நீயும் கொஞ்சம் பார்த்துக்கக்கூடாதா?" என்பது குற்றச்சாட்டாகக் கேட்கும், பதிலும் சண்டையாகவே வரும். நாள், நேரம், வேலை மூன்றையும் சொல்லிக் கேட்க வேண்டும். "தம்பி, வர்ற ஞாயிறு காலையில ஒன்பது மணிக்கு வந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அம்மாகூட இரு. சாப்பாடு ஊட்டுறது எப்படின்னு சனிக்கிழமை ராத்திரி போன்ல சொல்றேன். நான் வெளியில போறேன்" என்று சொன்னால், அவர் சொல்லக்கூடிய பதில்கள் இரண்டுதான். முடியாது என்றால் அடுத்த ஞாயிறைக் கேட்கலாம். வர இயலாத தொலைவில் இருப்பவரிடம், மாதாமாதம் மருந்துக்கடைக் கணக்கையும், மருத்துவரிடம் நேரம் வாங்குவதையும், காப்பீட்டுத் தாள்களையும் முழுவதுமாக ஒப்படைக்கலாம். பணம் அனுப்புபவரிடம், வாரத்தில் இரண்டு இரவுகளுக்கு ஹோம் நர்ஸ் வைப்பதற்கான தொகை என்று பெயர் குறித்தே கேட்க வேண்டும். பொதுச் செலவில் அது கரைந்துவிடக்கூடாது.

ஒப்படைத்த பிறகு தலையிடாமல் இருப்பது இன்னும் கடினம். தம்பி ஊட்டும்போது கஞ்சி சிந்தும். டயப்பரைக் கோணலாகக் கட்டுவார். மூச்சுத் திணறல், மருந்தின் அளவு, கீழே விழுதல் ஆகிய மூன்றைத் தவிர மற்றதை விட்டுவிட வேண்டும். "வேலைக்கு ஆள் வெச்சுட்டு இவ ஊர் சுத்தப் போயிட்டா" என்று பேசுபவர்கள் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஓர் இரவுகூட அந்த அறையில் படுத்ததில்லை. அவர்களுடைய பேச்சுக்காக ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

உறவில் யாரும் இல்லாதவர்கள் அரசு தரும் சேவைகளைக் கேட்டுப் பெறலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை மற்றும் இரத்த அழுத்த மருந்துகளை வீட்டிலேயே தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

கோபம் எல்லை மீறும் நிமிடம்

சாப்பாட்டை மூன்றாவது முறையும் துப்பியபோது கை தன்னையறியாமல் ஓங்கிவிடும் நிமிடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை என்பதாலேயே, தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்து ஒவ்வொருவரும் உள்ளுக்குள் புழுங்குகிறார்கள். அந்த நிமிடத்தில் உடல் போருக்கு ஆயத்தமாகிவிட்டது. அறிவுரையோ பழமொழியோ அப்போது உதவாது. செய்ய வேண்டியவை மூன்று செயல்கள். நோயாளியின் வாயில் உணவு தங்கவில்லை என்று பார்த்து, கட்டிலின் பக்கத் தடுப்பை உயர்த்திவிட வேண்டும். ஒரு சொல்லும் பேசாமல் அறையைவிட்டு வெளியே வர வேண்டும். பின்கட்டிலோ மாடிப்படியிலோ நின்று, மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து, ஏழோ எட்டோ எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவது இயல்பு. வெளிமூச்சை நீட்டுவது அந்த இயல்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஐந்து நிமிடங்களாவது தேவை. அதற்குள் திரும்பிப் போனால் கோபமும் கூடவே போகும். சாப்பாடு அரை மணி நேரம் தள்ளிப்போனால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. இன்சுலின் போட்ட பிறகு என்றால் மட்டும் தள்ளிப்போடக்கூடாது, வேறு யாரையாவது உடனே அழைக்க வேண்டும். உண்மையிலேயே கை பட்டுவிட்டது என்றால், ஒளித்து வைக்காமல் அன்றைக்கே மருத்துவரிடமோ நம்பிக்கையானவரிடமோ சொல்லி, அடுத்த சில நாள்களுக்கு வேறொருவரை உடன் இருக்கச் செய்ய வேண்டும். நோயாளியின் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் மேலானது.

"இது எப்போதுதான் முடியும்?" என்ற எண்ணமும் வரும். அது சாவை விரும்புவதாகாது. ஆள் கண்முன்னே இருக்க, அவருடைய பேச்சும் குணமும் அடையாளம் தெரியாமல் போய்விட்ட நிலையில், துக்கம் கொண்டாட ஒரு சடங்குகூட இல்லாமல் தவிப்பதை உளவியலாளர் பாலின் பாஸ் தனி வகையான இழப்பாகவே விளக்கியிருக்கிறார். அந்தத் தவிப்பை ஒரே ஒருவரிடமாவது, தீர்ப்பு சொல்லாமல் கேட்கக்கூடியவரிடம், பேசிவிட வேண்டும்.

மகிழ்ச்சியும் வரலாம், அதற்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்த துணைவர்களைப் பராமரித்த ஆண்களை 1990-களில் சான் பிரான்சிஸ்கோவில் சூசன் ஃபோக்மன் ஆய்வு செய்தபோது, துயரத்தைப் பற்றி மட்டுமே கேட்கிறீர்களே என்று அவர்களே குறைப்பட்டார்கள். நல்லதைப் பற்றிய கேள்வியையும் சேர்த்துக் கேட்டபோது, ஏறக்குறைய எல்லோரும் அந்த நாள்களிலும் நடந்த ஏதோ ஒரு நல்லதைச் சொன்னார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படிப்பட்டதை எழுதி வைக்கலாம்: அப்பா இன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தலை வாரிவிட்டபோது சிரித்தார்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் ஈடுபாடு இல்லாமை, நோயாளி உறங்கும்போதும் தனக்கு உறக்கம் வராமை, காரணமில்லாத அழுகை, பசியின்மை ஆகியவை நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. நோயாளிக்குக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியைத் தானும் போட்டுக்கொள்வது, இரவில் மதுவை நாடுவது இரண்டும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. செத்துப்போகலாம் என்றோ, இருவரும் சேர்ந்து போய்விடலாம் என்றோ ஓர் எண்ணம் ஒருமுறை வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. மத்திய அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணும், தமிழ்நாட்டின் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகின்றன, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

பொறுப்பு முடிந்த பிறகு

நோயாளி காலமான பின் எல்லாம் சரியாகிவிடும் என்று உறவினர்கள் நினைப்பார்கள். உடல் அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. கீகோல்ட்-கிளேசரின் குழு, மறதி நோயுள்ள கணவரையோ மனைவியையோ பராமரித்தவர்களை 6 ஆண்டுகள் கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், உடலின் அழற்சியைக் காட்டும் இன்டர்லியூக்கின்-6 என்ற பொருள் அவர்களிடம் மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் உயர்ந்தது. துணை இறந்து பல ஆண்டுகள் கழிந்தவர்களிடமும் அந்தப் போக்கு மாறியிருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தோடு வீடு காலியாகிவிடும். ஆனால் பார்த்துக்கொண்டவருக்கு நள்ளிரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருவது பல மாதங்களுக்கு நிற்காது. விழித்ததும் படுக்கையில் புரண்டுகொண்டிருக்காமல், எழுந்து சற்று நேரம் உட்கார்ந்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மறுபடியும் படுப்பது நல்லது. எவ்வளவு நேரம் உறங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிட வேண்டும். கட்டிலையும் சக்கர நாற்காலியையும் அப்புறப்படுத்த அவசரப்படுத்தக்கூடாது. அவர் சொல்லும்போது எடுத்தால் போதும். இத்தனை காலமும் தள்ளிப்போட்ட பல் வலி, முட்டி வலி, கண் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் அந்த முதல் மூன்று மாதங்களுக்குள் நாள் குறித்துவிட வேண்டும். அவரே குறிக்கமாட்டார். மருந்துக்கடைக் கணக்கை ஏற்றிருந்த தம்பியோ அண்ணனோ மருத்துவமனையில் நேரம் வாங்கி, வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டும்.